திரையில் 2, வானில் 36: அமெரிக்க டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு அதிர்வெண் வழங்கப்படும் முறை – முழுமையான வழிகாட்டி

நியூ ஜெர்சியின் எடிசனில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலத்தில், கேபிள் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் தட்டை ஆன்டெனா ஒன்றை வாங்கிவந்து தொலைக்காட்சியில் இணைத்தேன். நியூயார்க்கின் 2, 4, 5 ஆகிய எண்கள் பளிச்சென்று வந்தன. 7, 11, 13 ஆகியவையோ கட்டம் கட்டமாகச் சிதறிப் பின் மறைந்தன. சிறு வயதில் மொட்டைமாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிப் பழகிய எனக்கு இது தலைகீழாகப் பட்டது. எண் குறையக் குறைய அலை நீளமானது, அதைப் பிடிக்க நீளமான குழாய்கள் வேண்டும் என்பதுதான் அன்று கற்ற பாடம். அப்படியிருக்க, இவ்வளவு சிறிய தட்டில் 2 வந்து 7 வராமல் போவது எப்படி?

திரையில் 2 என்று தெரியும் நிலையம் வானில் 36-ஆம் சேனலில் இருக்கிறது என்பதுதான் விடை. திரையின் 4 உண்மையில் 35; திரையின் 5 உண்மையில் 27. ஆனால் 7 உண்மையாகவே 7. 11 உண்மையாகவே 11. 13 என்று தெரிவது 12. இந்தக் குளறுபடிக்குப் பின்னால் எழுபது ஆண்டுக்கும் மேலான ஒரு பங்கீட்டு வரலாறு இருக்கிறது. அந்தப் பங்கீடு எப்படி நடக்கிறது என்பதை, அலைக்கற்றையில் தொடங்கி வீட்டுத் திரை வரை, படிப்படியாகப் பார்ப்போம். இங்கே சொல்லப்படுவது முழுவதும் அமெரிக்க நடைமுறை. இந்தியாவிலும் இலங்கையிலும் சேனலின் அகலமே வேறு என்பதால் இங்குள்ள கணக்குகள் அங்கே பொருந்தமாட்டா.

முதலில் சொற்கள்

தமிழில் ‘அலைவரிசை’ என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் புழங்குகிறோம். வானொலி அறிவிப்பாளர் சொல்லும் அதிர்வெண்ணும் அலைவரிசைதான், தொலைக்காட்சிச் சேனலும் அலைவரிசைதான். இந்த வழிகாட்டியில் அந்த வசதி உதவாது என்பதால் அதை ஒதுக்கிவைக்கிறேன். ‘அதிர்வெண்’ என்பது மெகாஹெர்ட்ஸில் அளக்கப்படுவது. ‘ஆர்.எஃப். சேனல்’ என்பது 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டு. ‘திரை எண்’ என்பது தொலைக்காட்சிப் பெட்டி நமக்குக் காட்டும் 2.1, 7.1 போன்ற எண். இதைத்தான் துறையினர் மெய்நிகர் சேனல் என்கிறார்கள்.

‘ஒதுக்கீடு’ என்ற சொல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. ஒரு பட்டையைத் தொலைக்காட்சி என்ற சேவைக்கென்று வைப்பது, அந்தப் பட்டைக்குள் ஒரு சேனலை ஓர் ஊருக்கென்று குறிப்பது, அந்த ஊரின் சேனலை ஒரு நிலையத்துக்கு உரிமத்தோடு கொடுப்பது ஆகியவை சட்டப்படி மூன்று தனித்தனிச் செயல்கள். நிலத்தோடு ஒப்பிட்டால் எளிது: இது குடியிருப்புப் பகுதி என்று வகைப்படுத்துவது முதலாவது, மனை பிரிப்பது இரண்டாவது, பட்டா கொடுப்பது மூன்றாவது.

படி 1: சேவைக்கான இடம்

உலக அளவில் எந்தப் பட்டை எந்தச் சேவைக்கு என்பதைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுக்கிறது. அமெரிக்கக் கண்டங்கள் அதன் இரண்டாம் மண்டலத்தில் அடங்கும். நாட்டுக்குள் தொலைக்காட்சிக்கான முடிவுகளை எடுப்பது, 1934-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தால் அமைக்கப்பட்ட எஃப்.சி.சி. என்னும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம்.

இன்று அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எஞ்சியிருப்பவை 2 முதல் 36 வரையிலான 35 சேனல்கள். இவை ஒரே தொடராக இல்லை. 2, 3, 4 ஆகியவை 54 முதல் 72 மெகாஹெர்ட்ஸ் வரை. அதன் பின் 4 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வேறு சேவைகளுக்கு. 5, 6 ஆகியவை 76 முதல் 88 வரை. இந்த ஐந்தும் தாழ் வி.எச்.எஃப். எனப்படுகின்றன. 88-இல் பண்பலை வானொலி தொடங்கிவிடுகிறது. 7 முதல் 13 வரை 174 முதல் 216 மெகாஹெர்ட்ஸ். இது உயர் வி.எச்.எஃப். 14 முதல் 36 வரை 470 முதல் 608 மெகாஹெர்ட்ஸ், இது யு.எச்.எஃப்.

ஒரு காலத்தில் இந்த வரிசை 83 வரை நீண்டிருந்தது. 70 முதல் 83 வரையிலானவை கைப்பேசி உள்ளிட்ட நிலவழித் தொடர்புக்குப் போயின. 2009-இல் 52 முதல் 69 வரை போயின. 2020-க்குள் 38 முதல் 51 வரையும் போய்விட்டன. மறுமுனையில், 1-ஆம் சேனல் 1948-லேயே தொலைக்காட்சியிடமிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் திருகு 2-இல் தொடங்கியதற்குக் காரணம் அதுதான்.

37-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 608 முதல் 614 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தத் துண்டில் அமெரிக்காவில் எந்தத் தொலைக்காட்சி நிலையமும் இயங்கியதில்லை. விண்மீன்களிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்பதற்கு அந்தப் பகுதி தங்களுக்குத் தேவை என்று வானியலாளர்கள் கேட்டார்கள்; 1963-இல் எஃப்.சி.சி. அதற்கு இசைந்தது. இன்று மருத்துவமனைகளில் நோயாளிகளின் இதயத் துடிப்பைக் கம்பியின்றி அனுப்பும் கருவிகளும் அங்கே இடம் பெற்றிருக்கின்றன.

பட்டியலில் இருக்கும் சேனல்கள் எல்லாம் எல்லா ஊரிலும் கிடைக்கும் என்றும் கொள்ளக் கூடாது. 14 முதல் 20 வரையிலான சேனல்களில் சில, 11 பெருநகரங்களில் காவல்துறை, தீயணைப்புத்துறை முதலியவற்றின் வாக்கி-டாக்கிகளோடு பகிரப்படுகின்றன. நியூயார்க் அவற்றில் ஒன்று.

படி 2: சேனல் எண்ணிலிருந்து அதிர்வெண்

இந்தக் கணக்கு மிக எளிது. யு.எச்.எஃப். என்றால் சேனல் எண்ணிலிருந்து 14-ஐக் கழித்து, 6-ஆல் பெருக்கி, 470-ஐக் கூட்டினால் சேனலின் கீழ் விளிம்பு கிடைக்கும். 36-க்கு 22 × 6 = 132; 470 + 132 = 602. ஆகவே 36-ஆம் சேனல் 602 முதல் 608 மெகாஹெர்ட்ஸ் வரை. உயர் வி.எச்.எஃப். என்றால் 7-ஐக் கழித்து, 6-ஆல் பெருக்கி, 174-ஐக் கூட்ட வேண்டும். 12-ஆம் சேனலின் கீழ் விளிம்பு 204.

கீழ் விளிம்பிலிருந்து சுமார் 0.31 மெகாஹெர்ட்ஸ் மேலே ‘பைலட்’ எனப்படும் சிறிய வழிகாட்டிச் சமிக்ஞை ஒன்று இருக்கும். வீட்டுப் பெட்டி அதைப் பற்றிக்கொண்டுதான் மற்றதைப் படிக்கிறது. 36-ஆம் சேனலின் பைலட் 602.31 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அமையும். ஏ.டி.எஸ்.சி. என்ற முதல் தலைமுறை டிஜிட்டல் முறையில், இந்த 6 மெகாஹெர்ட்ஸுக்குள் நொடிக்கு 19.39 மெகாபிட் தரவு போகும். அந்தக் கொள்ளளவை ஒரே நிகழ்ச்சி நிரலுக்கும் செலவிடலாம். ஐந்தாறு நிரல்களுக்குப் பிரித்தும் கொடுக்கலாம்.

படி 3: ஊர்களுக்குப் பங்கிடுதல்

இதுதான் முழு ஏற்பாட்டின் இதயம். எஃப்.சி.சி. முதலில் நிலையங்களைப் பார்ப்பதில்லை, ஊர்களைப் பார்க்கிறது. எந்த ஊருக்கு எந்தச் சேனல் என்று ஒரு பட்டியல் விதிப் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத சேனலுக்கு முழு ஆற்றல் நிலையம் எதுவும் விண்ணப்பிக்க முடியாது. ஒலிபரப்பு வசதி மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் நியாயமாகவும் சமமாகவும் சென்றுசேர வேண்டும் என்று 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 307(பி) பிரிவு சொல்வதுதான் இதற்கு அடிப்படை.

பட்டியல் பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலையங்கள் மளமளவென்று பெருகி, ஒரே சேனலில் இருந்த இரண்டு ஊர்கள் ஒன்றின் படத்தை ஒன்று கெடுக்கத் தொடங்கின. 1948 செப்டம்பரில் எஃப்.சி.சி. புதிய உரிமங்களை நிறுத்திவைத்தது. சில மாதங்களில் முடியும் என்று எண்ணப்பட்ட இந்த நிறுத்தம் ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் நீடித்தது. 1952 ஏப்ரலில் வெளியான ஆணைதான் யு.எச்.எஃப். சேனல்களைத் திறந்துவிட்டு, நாடு முழுவதற்கும் ஊர்வாரிப் பட்டியலைத் தந்தது.

அந்தப் பட்டியலின் நுட்பத்தை நியூயார்க், பிலடெல்பியா என்ற இரண்டு நகரங்களை வைத்தே புரிந்துகொள்ளலாம். டிஜிட்டலுக்கு முந்தைய அனலாக் காலத்தில் ஒரே ஊரில் அடுத்தடுத்த சேனல்கள் இருக்கக் கூடாது. நாட்டின் வடகிழக்குப் பகுதியில், ஒரே வி.எச்.எஃப். சேனலை மறுபடி பயன்படுத்த 170 மைல் இடைவெளி வேண்டும். அடுத்தடுத்த சேனல்களுக்கு 60 மைல் போதும். இரண்டு நகரங்களுக்கும் இடையே இருப்பதோ ஏறத்தாழ 80 மைல். ஆகவே நியூயார்க் வட்டாரத்துக்கு 2, 4, 5, 7, 9, 11, 13. பிலடெல்பியா பக்கம் 3, 6, 10, 12. இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்தது போல ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று உட்கார்ந்திருக்கிறது. 4-உம் 5-உம் மட்டும் நியூயார்க்கிலேயே அடுத்தடுத்து இருக்கின்றனவே என்று கேட்கலாம். முதல் படியில் சொன்ன அந்த 4 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது. எண்ணில் அண்டை, வானில் இல்லை. மிஞ்சிய 8, மேற்கே லான்காஸ்டருக்கும் கிழக்கே நியூ ஹேவனுக்கும் போயிற்று. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று போதுமான தொலைவில் உள்ளன. 12 சேனல்களில் ஒன்றுகூட வீணாகாத இந்த ஏற்பாட்டை, கணினி ஏதுமின்றி வரைபடமும் அளவுகோலும் கொண்டு செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

டிஜிட்டல் வந்ததும் தூர விதிகள் மாறின. வடகிழக்கு மண்டலத்தில் ஒரே யு.எச்.எஃப். சேனலில் இரண்டு ஊர்களுக்குப் புதிதாகப் பங்கிட வேண்டுமானால் 196.3 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும், வி.எச்.எஃப். என்றால் 244.6 கிலோமீட்டர். அடுத்தடுத்த சேனல்களுக்கான விதிதான் முதல் பார்வையில் விசித்திரமாகத் தோன்றும்: யு.எச்.எஃப். நிலையங்கள் இரண்டும் 24 கிலோமீட்டருக்குள் இருக்கலாம், அல்லது 110 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம், இடைப்பட்ட தூரத்தில் மட்டும் இருக்கக் கூடாது. காரணம் இதுதான். இரண்டு நிலையங்களும் ஒரே கோபுரத்திலிருந்து ஒளிபரப்பினால், நீங்கள் எங்கே நின்றாலும் இரண்டின் வலிமையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஒன்றை ஒன்று விழுங்காது. ஒன்று உங்கள் வீட்டுக்குப் பின்னாலும் மற்றொன்று 60 கிலோமீட்டர் தள்ளியும் இருந்தால்தான் அருகிலுள்ளது தொலைவிலுள்ளதை அமுக்கிவிடும். திரை எண் 2-ம் 4-ம் கொண்ட நிலையங்கள் அண்டைச் சேனல்களான 36-லும் 35-லும் மன்ஹாட்டனிலிருந்தே தொல்லையின்றி இயங்குவது இதனால்தான்.

பட்டியலில் மாற்றம் வேண்டுவோர் விதியைத் திருத்தக் கோரி மனுக் கொடுக்க வேண்டும். முன்மொழிவு வெளியிடப்படும், யாரும் கருத்துத் தெரிவிக்கலாம், அதன் பிறகே முடிவு. கனடா, மெக்சிகோ எல்லைகளை ஒட்டிய ஊர்கள் என்றால் அந்த நாடுகளின் ஒப்புதலும் தேவை.

படி 4: குறுக்கீட்டுக் கணக்கு

கிலோமீட்டர் விதி புதிய பங்கீட்டுக்குத்தான். ஏற்கெனவே இயங்கும் நிலையங்கள் ஆற்றலையோ கோபுரத்தையோ மாற்றும்போது, தூரம் பார்ப்பதற்குப் பதிலாக உண்மையான நிலப்பரப்பைக் கணினியில் வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

முதலில் நிலையத்தின் எல்லைக்கோடு வரையப்படும். குறிப்பிட்ட வலிமையுள்ள சமிக்ஞை, பாதி இடங்களிலாவது, நூற்றுக்கு 90 பங்கு நேரமாவது கிடைக்கும் பகுதி அந்தக் கோட்டுக்குள் அடங்கும். மீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் என்பதை அடிப்படையாகக் கொண்ட அளவில், தாழ் வி.எச்.எஃபுக்கு 28 டெசிபல், உயர் வி.எச்.எஃபுக்கு 36, யு.எச்.எஃபுக்கு 41 என்பது வரையறை. பின்பு அந்தப் பகுதி பொதுவாக 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கோபுரத்திலிருந்து வரும் பாதையில் உள்ள மலைகளையும் மேடுகளையும் கணக்கில் கொண்டு சமிக்ஞை மதிப்பிடப்படும். இதற்குப் பயன்படும் முறை லாங்லி-ரைஸ் எனப்படுகிறது.

அடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டிய சமிக்ஞையும் வேண்டாத சமிக்ஞையும் ஒப்பிடப்படும். ஒரே சேனலில் இரண்டு வந்தால், வேண்டியது குறைந்தது 15 டெசிபல் கூடுதலாக, அதாவது சுமார் 32 மடங்கு வலிமையோடு இருக்க வேண்டும். அடுத்த சேனல் என்றால் நிலைமை நேர்மாறு: மேல் சேனலில் இருப்பது 26 டெசிபல் வரை, அதாவது ஏறத்தாழ 400 மடங்கு வரை, வலிமை கூடியிருந்தாலும் பெட்டி தாக்குப்பிடிக்கும், கீழ்ச் சேனலுக்கு வரம்பு 28 டெசிபல். புதிய மாற்றத்தால் இன்னொரு நிலையம் தன் பார்வையாளர்களில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் இழக்கும் என்று கணக்கு காட்டினால், விண்ணப்பம் பொதுவாக நிற்காது.

வானிலை இந்தக் கணக்குகளை மதிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980-களில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் உயரமான கம்பம் நட்டு, ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாகினி பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: சில இரவுகளில் படம் உள்ளூர்ப் படம் போல நிற்கும், மறுநாள் வெறும் புள்ளிமழை. ‘நூற்றுக்கு 90 பங்கு நேரம்’ என்ற சொற்றொடர் விதிக்குள் வந்தது அந்த மீதிப் பத்துக்காகத்தான்.

படி 5: நிலையத்துக்கு உரிமம்

ஊருக்கென்று குறிக்கப்பட்ட சேனல் காலியாக இருந்து, வணிக நிலையங்கள் பல அதைக் கேட்டால் ஏலம். கல்வி, பொதுநலம் சார்ந்த நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டதானால் மதிப்பெண் முறை. தேர்வானவருக்கு முதலில் கட்டுமான அனுமதி கிடைக்கும். மூன்று ஆண்டுக்குள் கோபுரமும் டிரான்ஸ்மிட்டரும் எழுந்து, அனுமதியில் உள்ளபடியே இயங்குகின்றன என்று காட்டினால் உரிமம். அதன் காலம் எட்டு ஆண்டுகள். உரிமத்தில் சேனல், கோபுரத்தின் இருப்பிடம், ஆன்டெனாவின் உயரம், எந்தத் திசையில் எவ்வளவு ஆற்றல் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். யு.எச்.எஃபில் உச்சவரம்பு 1,000 கிலோவாட். வடகிழக்கில் உயர் வி.எச்.எஃபுக்கு 30, தாழ் வி.எச்.எஃபுக்கு 10 கிலோவாட். உயரம் கூடினால் இந்த ஆற்றல் குறைக்கப்படும்.

அழைப்புக் குறியும் அப்போதே வந்துவிடும். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ‘டபிள்யூ’, மேற்கே ‘கே’ என்று தொடங்குவது வழக்கம். விதி வருமுன் பெயர் வாங்கியவை, பிலடெல்பியாவின் கே.ஒய்.டபிள்யூ. போல, விலக்காக நிற்கின்றன. குறைந்த ஆற்றல் நிலையங்கள் இந்த வரிசையில் சேராதவை. அவற்றுக்கு ஊர்ப்பட்டியலில் இடமில்லை. முழு ஆற்றல் நிலையம் ஒன்று வந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவை இயங்குகின்றன.

படி 6: எல்லோரையும் இடம் மாற்றிய மறுபங்கீடு

டிஜிட்டலுக்கு மாறும் காலத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டாவது சேனல் ஒன்று தற்காலிகமாகக் கொடுக்கப்பட்டது. அனலாக்கும் டிஜிட்டலும் அருகருகே ஓடின. 2009 ஜூன் 12 அன்று முழு ஆற்றல் நிலையங்கள் அனலாக்கை நிறுத்தின. அதற்குப் பின்னும் அமைதி நீடிக்கவில்லை. கைப்பேசி நிறுவனங்களுக்கு மேலும் அலைக்கற்றை வேண்டியிருந்ததால், 2016 மார்ச்சில் இரட்டை ஏலம் ஒன்று தொடங்கியது. ஒருபுறம் நிலையங்கள் எவ்வளவு பணம் கொடுத்தால் சேனலை விட்டுக்கொடுப்போம் என்று விலையை இறக்கிக்கொண்டே போயின. மறுபுறம் கைப்பேசி நிறுவனங்கள் ஏற்றிக்கொண்டே வந்தன. 2017 ஏப்ரலில் முடிந்தபோது 84 மெகாஹெர்ட்ஸ் கைமாறியிருந்தது. வந்த தொகை சுமார் 1,980 கோடி டாலர், அதில் 1,000 கோடிக்கும் சற்று மேல் நிலையங்களுக்குப் போனது.

ஏலத்தைவிடக் கடினமானது, மிஞ்சிய நிலையங்களைச் சுருங்கிய இடத்துக்குள் மறுபடி உட்கார வைப்பது. ஒருவரோடு ஒருவர் பேசாத உறவினர்கள் நிறைந்த கல்யாணத்தில், மோதிக்கொள்வோர் ஒரே பந்தியில் அமராதபடி, அதுவும் பந்திகளின் எண்ணிக்கையைக் குறைத்த பிறகு, எல்லோருக்கும் இலை போடுவது போன்ற வேலை. கணிதத்தில் இது வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் புதிரின் உறவு. ஏலத்தின் ஒவ்வொரு சுற்றிலும், ‘இந்த நிலையம் வெளியேறாமல் தங்கினால் மற்ற எல்லோருக்கும் இடம் உண்டா’ என்ற கேள்விக்குச் சிறப்பு மென்பொருள் விடை தேடியது. இந்த ஏல வடிவமைப்பில் முன்னின்ற பால் மில்க்ரோம், ஏலக் கோட்பாட்டுக்காக ராபர்ட் வில்சனோடு 2020-இன் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இடம் மாற்றப்பட்டவை 987 நிலையங்கள். ஒன்று நகர்ந்தால்தான் இன்னொன்று அந்த இடத்துக்கு வர முடியும் என்பதால் பத்துக் கட்டங்களாக, 39 மாதங்களில், 2020 ஜூலையில் முடித்தார்கள். நியூயார்க்கில் திரையில் 2 என்று தெரியும் டபிள்யூ.சி.பி.எஸ். ஒன்றின் பயணத்தைப் பார்த்தால் போதும்: அனலாக்கில் 2, டிஜிட்டலின் தொடக்கத்தில் 56, 2009-க்குப் பின் 33, இப்போது 36.

படி 7: திரை எண்

இத்தனை இடமாற்றத்துக்கு நடுவிலும் அந்த நிலையம் திரையில் 2.1 ஆகவே இருக்கிறது. ‘சேனல் 2’ என்று தலைமுறைகளாக விளம்பரம் செய்த பெயரை இழக்க எந்த நிலையமும் விரும்பாது. ஆகவே ஒளிபரப்பாகும் தரவுக்குள்ளேயே ஒரு அட்டவணை அனுப்பப்படுகிறது. ‘நான் 36-இல் இருக்கிறேன், ஆனால் என்னை 2.1 என்று காட்டு’ என்று அது பெட்டிக்குச் சொல்கிறது. சென்னைத் தெருக்களில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் எழுதிவைக்கிறோமே, அதில் பழைய எண்ணை மட்டும் வாசலில் மாட்டியது போன்ற ஏற்பாடு.

விதி இப்படிப் போகிறது. அனலாக் உரிமம் வைத்திருந்த நிலையம் தன் அனலாக் எண்ணையே புள்ளிக்கு முன் வரும் எண்ணாக வைத்துக்கொள்ளும். அனலாக் காலத்தில் இல்லாத புதிய நிலையம் தன் ஆர்.எஃப். எண்ணையே திரை எண்ணாகக் கொள்ளும். ஆனால் அந்த எண்ணை அதே பகுதியில் வேறொருவர் ஏற்கெனவே பயன்படுத்தினால் வேறு எண். புள்ளிக்குப் பின் வருவது அந்த 19.39 மெகாபிட்டை எத்தனை நிரல்களாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த எண் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் மாநிலத்து வழக்கு ஒன்று இருக்கிறது. வணிக வி.எச்.எஃப். நிலையம் ஒன்றுகூட இல்லாத மாநிலத்துக்கு நகர முன்வரும் வி.எச்.எஃப். நிலையத்தை எஃப்.சி.சி. ஏற்க வேண்டும் என்று 1982-இல் சட்டம் வந்தது. 1983-இல் நியூயார்க்கின் 9-ஆம் சேனல் நிலையம் நியூ ஜெர்சியின் செகாக்கஸுக்கு உரிம ஊரை மாற்றிக்கொண்டது. டிஜிட்டல் மாற்றத்தில் அந்த நிலையம் யு.எச்.எஃபுக்குப் போய்விட, இடம் மறுபடி காலியானது. நெவாடா மாநிலத்தின் ஈலியில் 3-ஆம் சேனல் வைத்திருந்த ஒரு நிறுவனம் அதைப் பற்றிக்கொண்டு, நீதிமன்றம் வரை போய் வென்று, 2014-இல் நாட்டின் மறுகோடியிலிருந்து நியூ ஜெர்சியின் மிடில்டவுனுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் பிலடெல்பியாவிலும் ஹார்ட்ஃபோர்டிலும் திரை எண் 3 கொண்ட பழைய நிலையங்கள் இருந்தன. புதியவர் 3.10 என்று தொடங்கப் பார்த்தார், பழையவர்கள் எதிர்த்தார்கள், முடிவில் எஃப்.சி.சி. 33 என்ற எண்ணைக் கொடுத்தது. வானில் 2 ஆக இல்லாத நிலையம் திரையில் 2 ஆக வாழ, வானில் உண்மையாகவே 3 ஆக இருக்கும் நிலையம் திரையில் 33 ஆக வாழ்கிறது.

2017-இல் அனுமதிக்கப்பட்ட ஏ.டி.எஸ்.சி. 3.0 முறையில் இந்தப் பிரிவு இன்னும் அகன்றிருக்கிறது. ஓர் ஊரின் நிலையங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒருவரின் சேனலில் எல்லோருடைய புதிய முறை ஒளிபரப்பும், மற்றவர்களின் சேனல்களில் பழைய முறை ஒளிபரப்பும் என்று பகிர்ந்துகொள்கின்றன. திரை எண் மாறாததால் பார்ப்பவருக்கு எது யாருடைய கோபுரத்திலிருந்து வருகிறது என்பது தெரியவே தெரியாது.

படி 8: உங்கள் வீட்டில்

ஆன்டெனா வாங்குமுன் எஃப்.சி.சி.யின் டி.டி.வி. வரைபடப் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுங்கள். ஒவ்வொரு நிலையத்தின் அழைப்புக் குறியும், திரை எண்ணும், பட்டையும், எதிர்பார்க்கும் வலிமையும் வரும். குறியைத் தட்டினால் ஆர்.எஃப். சேனலும் கோபுரம் இருக்கும் திசையும் தெரியும். திரை எண்ணை மறந்துவிட்டு, ஆர்.எஃப். சேனலை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் 14-க்கு மேல் என்றால் சிறிய தட்டு ஆன்டெனா போதும். 7 முதல் 13 வரை ஏதேனும் இருந்தால் வி.எச்.எஃப். கம்பிகள் உள்ளதை வாங்க வேண்டும். 36-ஆம் சேனலில் அரை அலைநீளம் சுமார் 25 சென்டிமீட்டர். 7-ஆம் சேனலில் அது 85 சென்டிமீட்டர். என் ஜன்னல் தட்டின் அகலத்தை அளந்தபோதே பாதி விடை கிடைத்துவிட்டது.

வி.எச்.எஃபுக்கு இன்னொரு தொல்லை உண்டு: மோட்டார், மலிவான எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் எல்லாம் கக்கும் மின்னிரைச்சல் அந்தப் பட்டையில்தான் அதிகம். 2009 மாற்றத்தின்போது 6, 7-ஆம் சேனல்களுக்குத் திரும்பிய பெருநகர நிலையங்கள் பலவற்றுக்கு வீட்டுக்குள் படம் வரவில்லை என்ற புகார்கள் குவிந்தன, சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். 7-ஐ விட்டு யு.எச்.எஃபுக்கே போய்விட்டது.

ஒருநாள் வரை நன்றாக வந்த எண் திடீரென்று காணாமல் போனால், ஆன்டெனாவைக் குறை சொல்லுமுன் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். 2.1 என்றால் எந்த ஆர்.எஃப். சேனலுக்குப் போக வேண்டும் என்பதைப் பெட்டி பழைய ஸ்கேனிலிருந்துதான் நினைவில் வைத்திருக்கிறது. நிலையம் இடம் மாறியிருந்தால் அது காலி வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பிடிவாதமான பெட்டி என்றால், ஆன்டெனா கம்பியைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கேன் செய்து நினைவை அழித்து, மறுபடி மாட்டி இரண்டாம் முறை ஸ்கேன் செய்ய வேண்டும்.

நான் பரணில் வி.எச்.எஃப். கம்பிகள் கொண்ட ஆன்டெனா ஒன்றை வடகிழக்கே, மன்ஹாட்டனைப் பார்த்துக் கட்டினேன். 7, 11, 13 மூன்றும் அன்று மாலையே வந்தன. 33 மட்டும் இன்றுவரை வரவில்லை. அது 3-ஆம் சேனல், அதற்கு அரை அலைநீளம் 2.4 மீட்டர், எங்கள் பரணில் அந்த நீளத்துக்கு நடுவே தீபாவளிப் பலகாரப் பாத்திரங்கள் அடுக்கியிருக்கின்றன.